இமை ஓரம் திரும்பத் திரும்பச் சிவப்பது மெட்ராஸ் ஐ தானா?

கேள்வி (டெல்லி ஆர்.கே.புரம் வாசி):
தீபாவளிக்குப் பிறகு எனக்கு மூன்று முறை இரு கண்களும் சிவந்துவிட்டன. காலையில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது. இமைமுடிகளின் அடியில் பொடுகு போன்ற செதிள்கள் ஒட்டியிருக்கின்றன. அலுவலகத்தில் 'ஐ ஃப்ளூ' என்று ஒதுங்குகிறார்கள், ஊரிலிருந்து அம்மா 'மெட்ராஸ் ஐ' என்கிறார். மருந்துக்கடையில் கொடுத்த சொட்டு மருந்தை விட்டால் இரண்டே நாளில் சிவப்பு போய்விடுகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. அட்டையில் டெக்ஸாமெத்தசோன் என்று இருக்கிறது. தொடரலாமா?

மறுமொழி (ஆப்டோமெட்ரிஸ்ட் எனும் பார்வைப் பரிசோதகர், துவாரகா):
தொடர வேண்டாம், அம்மா. அது ஸ்டீராய்டு. சிவப்பை அடக்குமே தவிர காரணத்தைத் தொடாது. மருத்துவர் பார்க்காமல் வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும், புரையும் வளரும், ஹெர்பிஸ் வைரஸால் கருவிழியில் புண் இருந்தால் அது பரவிவிடும். இதுவரை விட்டதற்காகவே அழுத்தத்தை அளந்து பார்த்துவிடுங்கள்.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோவைரஸால் ஒரு கண்ணில் தொடங்கி மற்றதற்குத் தாவும். நீர் கொட்டும், ஓரிரு வாரங்களில் தானே அடங்கும். செதிளோடு திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தால் உங்களுடையது பிளெஃபரைட்டிஸ் எனப்படும் இமை ஓர அழற்சியாக இருக்கலாம். இமை விளிம்பில் வரிசையாக உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டால் கண்ணீர் சீக்கிரம் உலர்ந்து கண் எரியும். அடைப்பு ஒரே இடத்தில் திரண்டால் கண்கட்டியாகும். இங்கே பனிக்காலப் புகையும் ரூம் ஹீட்டரும் எரிச்சலைக் கூட்டும்.

மறுமொழி (மயூர் விஹார்):
நான்கு ஆண்டுகளாக இதனோடு குடித்தனம் நடத்துகிறேன். முழுதாகப் போகாது, ஆனால் கட்டுக்குள் நிற்கும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் பிழிந்த துணியை மூடிய கண்மேல் 5 முதல் 10 நிமிடம் வைக்கிறேன். துணி ஒரு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் பக்கத்தில் ஃபிளாஸ்க் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி நனைக்கிறேன். பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவி, இமை துடைக்கும் ஈரத்தாளால் முடியடியைத் துடைப்பேன். மையை விளிம்பின் உட்புறம் இழுப்பதை விட்டதுதான் எனக்குப் பெரிய மாற்றம். என் மாமியார் இன்றும் ஒப்புக்கொள்வதில்லை!

கேட்டவர்:
நன்றி. ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது: நான் காண்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். இரண்டு நாளாக வலது கண் மட்டும் வலிக்கிறது, ஜன்னல் வெளிச்சம்கூடக் கூசுகிறது.

மறுமொழி (ஆப்டோமெட்ரிஸ்ட், துவாரகா):
அப்படியானால் வெந்நீர் ஒத்தடத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். லென்ஸ் அணிபவருக்கு வலியும் கூச்சமும் வந்தால் கருவிழித் தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை அவசர நிலைதான்; ஸ்டீராய்டு அதை மறைத்துக்கொண்டே வளரவிடும். லென்ஸை உடனே கழற்றிவிட்டு இன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்; எய்ம்ஸின் ராஜேந்திர பிரசாத் கண் மையம் உங்களுக்குப் பக்கம்தான். லென்ஸையும் அதன் டப்பாவையும் கழுவாமல் எடுத்துச் செல்லுங்கள், கிருமியைப் பரிசோதிக்க அவை தேவைப்படலாம். சொட்டு மருந்தின் அட்டையையும் மறவாமல் காட்டுங்கள்.