மதுரை: பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு வராதவர்களுக்குக் குழுப் பயிற்சி எங்கே?

அப்பாவுக்கு வயது 61. மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்து 8 மாதம் ஆகிறது. ப்ரோக்கா வகை அஃபேசியா, அதாவது மூளை பாதிப்பால் பேச்சு தடைபடும் நிலை. நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது. அவர் பேச்சுதான் ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுவிடுகிறது. வலது கை பலவீனம். காது நன்றாகக் கேட்கும், ஆனாலும் வருகிறவர்கள் எல்லாரும் கத்தியே பேசுகிறார்கள்.

ஸ்பீச் தெரபி வாரம் 2 நாள், 45 நிமிடம், 5 மாதமாக. படத்தைக் காட்டி 'த' என்று எடுத்துக் கொடுத்தால் 'தண்ணி' வருகிறது. நிஜமாகத் தாகம் எடுக்கும்போது வருவதில்லை. எழுத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லும் பலகை பயன்படவில்லை, வாசிப்பும் சேர்ந்தே அடிபட்டிருக்கிறது. பழைய பாட்டு வரி தடங்கலின்றி வரும். ராகம் போட்டு 'காபி வேணும்' பழக்கினோம், 3 வாரத்தில் அது ஒன்றுதான் நிலைத்தது. 'ஆமா', 'இல்ல' மாறி வருவதால் கட்டைவிரல் சைகை. வீட்டில் நாங்களே முந்திக்கொண்டு வாக்கியத்தை முடித்துவிடுகிறோம், அது பெரிய கெடுதல். வீடியோ கால் ஒத்துவரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து பேசினாலே விட்டுவிடுகிறார்.

மதுரையிலோ திருமங்கலம் பக்கமோ, அஃபேசியா உள்ளவர்கள் நாலைந்து பேராவது வாரம் ஒருமுறை நேரில் கூடித் தமிழில் பேசிப் பழகும் குழு எங்கே நடக்கிறது?