பிறவிச் சுட்டுவிரல் நகம்: சிதைவா, பிறழ்வா?

அண்ணாச்சி, சுட்டுவிரல் நகம் பிறவியிலேயே சிறுத்தோ இல்லாமலோ இருக்கும் ஐசோ–கிக்குச்சி நோய்க்குத் தமிழில் நீங்கள் வைத்த ‘பிறவிச் சுட்டுவிரல் நகச் சிதைவு’ என்ற பெயரில் கடைசிச் சொல்தான் இடிக்கிறது. நன்றாக இருந்தது கெட்டால் சிதைவு. இங்கே நகம் கருவில் உருவாகும்போதே தடம் மாறிவிடுகிறது; விரல்நகம் அரும்பத் தொடங்குவதே பத்தாம் வாரத்தை ஒட்டித்தான். ஆகவே ‘நகப்பிறழ்வு’ என்போம்.

ஐசோ–கிக்குச்சி என்று ஆள்பெயரிலேயே விட்டுவிடலாம் என்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானில் ஐசோ 1969இலும் கிக்குச்சி 1974இலும் விவரித்தார்கள், அந்த மரியாதை இருக்கட்டும். ஆனால் நோயைப் பிரித்தறிய உதவுபவை ‘பிறவி’, ‘சுட்டுவிரல்’ என்ற இரண்டு சொற்கள்தான். பிறந்ததிலிருந்தே இப்படியா என்று கேட்காவிட்டால், நகச்சொத்தை என்று மாதக்கணக்கில் பூஞ்சை மாத்திரை விழுங்க நேரும். நகத்துணுக்கைச் சுரண்டிச் சோதித்தால் பூஞ்சை இராது. நகச்சுத்தி போல வீக்கமோ தெறிக்கும் வலியோ கிடையாது, எலுமிச்சம்பழம் சொருக வேண்டியதும் இல்லை. விரலின் பெயர் இன்னும் முக்கியம். பெருவிரல் நகம் அதிகமாகக் குறைந்து, நகத்தடியில் வெள்ளையாகத் தெரியும் நகப்பிறை முக்கோணமாக இருந்து, முழங்கால் சில்லும் சிறுத்திருந்தால் அது வேறு நோய். சிறுநீரில் புரதம் போகிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். சுட்டுவிரல் பிறழ்வில் சிறுநீரகத்துக்குக் கேடு இல்லை.

உட்பிரிவுகள்: நகமே இல்லையென்றால் நகமின்மை. சிறுத்திருந்தால் குறுநகம், அதிகம் காண்பது இதுதான். பெரும்பாலும் பெருவிரலை ஒட்டிய பாதி குறைந்து, மிச்ச நகம் நடுவிரல் பக்கம் ஒதுங்கியிருக்கும். ஒரே விரலில் இரண்டு துண்டாக முளைத்தால்? ‘பல’ என்ற பொருளில் வரும் ‘பல்’லும் ‘நகமு’ம் புணர்ந்தால் பன்னகம், அது பாம்பு. எனவே ‘பிரிநகம்’ என்று வைக்கலாமா?

எக்ஸ்ரேயில் நுனியெலும்பு ஒய் வடிவில் பிளந்து தெரிவதற்குக் ‘கவட்டெலும்பு’ என்கிறேன். கவட்டைக் கம்பு பார்த்த யாருக்கும் விளங்கும். விரலைப் பக்கவாட்டில் வைத்து எடுத்த படத்தில்தான் கவடு தெரியும். நேர்ப்படத்தில் நுனி ஒடுங்கியதாக மட்டும் தெரிவதால் தப்பிவிடும்.

*

தம்பி, பிறழ்வு சரி. கவட்டெலும்பும் அருமை. பிரிநகம் மட்டும் வேண்டாம். நகம் சதையைவிட்டு எழும்பிப் பிரிகிற நோய் தனியாக இருக்கிறது. படிப்பவர் அதைத்தான் நினைப்பார். ‘இரட்டை நகம்’ போதும்.

ஊரில் வழங்கும் ‘மூளி நகம்’ என்பதைச் சேர்க்கலாமே என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. மூளி என்பது வசவு. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்கு அதுவே பட்டப்பெயர் ஆகிவிடும். ஏற்கெனவே கிரகணத்தன்று காய் நறுக்கினாள் என்று தாயின் தலையில் பழி போடுகிறார்கள். சுட்டுவிரலின் பெருவிரல் பக்கத் தமனி மெல்லியது, கருவில் அங்கே ரத்தம் குறைந்திருக்கலாம் என்பது மருத்துவத்தில் சொல்லப்படும் ஒரு கருத்து. சில குடும்பங்களில் தலைமுறையாகவும் வருகிறது. அரிவாள்மணைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது. ஊசி பொறுக்க, பீடிமுனை மடிக்க நகத்தின் எதிரழுத்தம் வேண்டும். அது சிரமமானாலோ தோற்றம் உறுத்தினாலோதான் அறுவை பற்றிப் பேசவேண்டும்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினாலும் முக்கூடலில் வீட்டில் வைத்துப் படித்தாலும் ஒரே பொருள் தரும்படி இப்படி எழுதலாம்: ‘வலக்கை, பிறவிச் சுட்டுவிரல் நகப்பிறழ்வு, குறுநகம், கவட்டெலும்பு உண்டு.’