கொங்குப் பகுதி அச்சகங்களின் பழைய எழுத்துகள்: உதவி வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் அப்புச்சியின் தகரப் பெட்டியில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு கிடைத்தன. அவற்றில் ‘னை’, ‘லை’ ஆகியவை துதிக்கை போன்ற கொம்புடன் ஒரே எழுத்தாக அச்சாகியுள்ளன. ஈய அச்சு அழுந்திய தடம் தாளின் பின்புறத்தில் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சு வார்த்து, அச்சுப் பெட்டியில் தனி அறையில் போட்டு வைக்க வேண்டியிருந்த சிரமமே இத்தகைய எழுத்துகளை இன்றைய வடிவுக்குத் திருத்தும் எண்ணத்துக்கு முக்கியத் தூண்டுதல் என்பது என் கருத்து (ஓலையில் எழுதியவருக்கு இந்தத் தொல்லை இல்லை). ஈரோட்டில் 1925இல் பெரியார் தொடங்கிய ‘குடி அரசு’ இதழ் 1935இலேயே திருத்திய எழுத்துகளைக் கையாண்டது. தமிழ்நாடு அரசு அவற்றை ஏற்றதோ 1978இல்தான். இடைப்பட்ட 43 ஆண்டுகளில் நம் பகுதிச் சிறு அச்சகங்கள் எந்த எழுத்தில் அச்சிட்டன என்பதே என் கேள்வி.

ஈரோடு, பவானி, திருப்பூர்ப் பக்கம் அச்சுக் கோத்த பெரியவர்களை அறிந்தவர்களும், 1985க்கு முந்தைய கல்யாணப் பத்திரிகை, தேர்த் திருவிழா நோட்டீஸ் வைத்திருப்பவர்களும் தயவுசெய்து தெரிவியுங்கள். மூலத்தாள் வேண்டாம், ஆண்டு தெரியும்படி ஒரு படம் போதும்.