705.6-இல் சத்தம் வெட்டுகிறது: பிஎன்சி கேபிள் பற்றி உதவி தேவை

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. சுங்கை சிப்புட் தோட்டக் குடியிருப்பில் உள்ள பாட்டுக் கேட்கும் செட்டுக்காகக் கேட்கிறேன். சிடி டிரான்ஸ்போர்ட் (சிடியைப் படித்து டிஜிட்டல் சிக்னலாகத் தருவது), அப்ஸ்கேலர் (சாம்பிள் விகிதத்தைக் கூட்டுவது), டேக் (DAC, டிஜிட்டலை அனலாக் ஆக்குவது), ஆம்ப் என்ற வரிசை. அப்ஸ்கேலர் சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் விகிதத்தை 16 மடங்காக்கி, 705.6-ஐ இரண்டு பிஎன்சி (செருகித் திருப்பிப் பூட்டும் முனை உள்ள) கேபிள்களில் டேக்குக்கு அனுப்புகிறது.

352.8-க்கு (8 மடங்கு) ஒரு கேபிளே போதும். தவிலின் அடி ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கிறது. 705.6-க்கு மாற்றினால் ‘டிக்’ என்று வெட்டி, டேக்கின் லாக் விளக்கு (சிக்னலைப் பிடித்துக்கொண்டதைக் காட்டுவது) அணைந்து எரிகிறது. கேபிள்களை இடம் மாற்றியும் அதேதான். தனித்தனியே 352.8-இல் போட்டுப் பார்த்ததில், சிசிடிவி கடையில் வாங்கிய கேபிள் மட்டும் அங்கேயும் எப்போதாவது வெட்டுகிறது.

அது 75 ஓம் ஆர்ஜி 59 வகையாக இல்லாமல், 50 ஓம் ஆர்ஜி 58 வகையாக இருக்கும் என்பது என் சந்தேகம். இந்த ஓம் கேபிளின் இம்பீடன்ஸ், அதாவது அதிவேக சிக்னலுக்குக் கேபிள் காட்டும் தடை. 75 ஓம் வழியில் 50 ஓம் கேபிள் புகுந்தால் சிக்னல் மின்னழுத்தத்தில் 20 விழுக்காடு எதிரொலித்துத் திரும்பும். உறையில் எழுத்தே இல்லை. தடிமன் 5 மில்லிமீட்டர். ஆர்ஜி 59 என்றால் 6-க்கு மேல் இருக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு இதைக் காட்டாது. கெப்பாசிட்டன்ஸ் (மின் தேக்குதிறன்) பார்க்க வேண்டும்: ஆர்ஜி 58 மீட்டருக்கு சுமார் 100 பிகோஃபாரட், ஆர்ஜி 59 சுமார் 67.

ஈப்போ பக்கம் யாரிடமாவது கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் எல்சிஆர் மீட்டர் உண்டா? ஒரே நீளத்தில் 75 ஓம் கேபிள் ஒரு ஜோடி, திருகு பிளக் இல்லாமல் கிரிம்ப் (கருவியால் நசுக்கிப் பொருத்துவது) செய்து தருபவர் யார்? சிலர் கேபிளில் ஃபெரைட் (காந்தப்பொருள் வளையம்) மாட்டச் சொல்கிறார்கள். அது வெளி இரைச்சலுக்கு உதவும், எதிரொலிப்பைத் தீர்க்காது என்றே நினைக்கிறேன். மாட்டி லாக் பிரச்சினை தீர்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.