டாக்டர் 'சாரி' சொன்னால் அது மன்னிப்பா, வருத்தமா?

துணைவரி:
ஆங்கிலத் தொடர் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறாம் எபிசோடில் ஒரு காட்சி. ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கிறது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டே வருகிறார். வெளியே காத்திருந்த பெண் எழுந்து நிற்கிறாள். அவர் சொல்வது மூன்றே சொல்: "ஐ ஆம் சாரி." அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். வேறு வசனமே கிடையாது.

நான் "வருந்துகிறேன்" என்று போட்டேன். கியூ.சி. (தரச் சரிபார்ப்பு) பார்ப்பவர் அதை அடித்துவிட்டு "என்னை மன்னித்துவிடுங்கள்" என்று மாற்றி, பக்கத்தில் "சாரி என்றால் மன்னிப்பு" என்று ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார். படிக்கும்போது, கத்திரிக்கோலை வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிட்ட டாக்டர் பேசுவது போல இருக்கிறது எனக்கு. நாளை காலைக்குள் பதில் அனுப்ப வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

நேர்கோடு:
கியூ.சி. பக்கம்தான் நான். ஒரு சொல்லுக்குப் பொருள், ஜனங்கள் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்களோ அதுதான். காலை மிதித்தால் சாரி, தாமதமாக வந்தால் சாரி, தப்பான நம்பருக்கு அழைத்தால் சாரி. எல்லாம் மன்னிப்புதானே? 'வருந்துகிறேன்' என்று யார் வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்? அது அந்தக் கால இரங்கல் தந்தியில் வந்த சொல்.

பழைய பேனா:
முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் தலையிடுகிறேன். 'சாரி'யின் வேர் மன்னிப்பில் இல்லை, வலியில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'சாரிக்' என்பது போல ஒரு சொல். அதன் தாய் 'சோர்', அதாவது புண், நோவு. இன்றும் தொண்டை வலிக்கு 'சோர் த்ரோட்' என்கிறோமே, அந்த 'சோர்'தான். நொந்த நிலையில் இருக்கிறேன் என்பதுதான் முதல் பொருள்.

இதில் ஒரு வேடிக்கை. 'சாரோ' என்ற துக்கச் சொல்லும் இதுவும் அக்கா தங்கை போலத் தெரியும். உண்மையில் இரண்டும் வேறு வேறு வேர். 'சாரோ'வுக்கு உறவு ஜெர்மன் மொழியின் 'ஸோர்க' (கவலை). நம் 'சாரி'யின் வேருக்கு அங்கே உறவு 'ஸேர்', அதற்கு இன்றைய பொருள் 'மிகவும்'! வலிக்க வலிக்க என்பது தேய்ந்து 'ரொம்ப' ஆகிவிட்டது. நாமும் 'பயங்கர அழகு' என்கிறோமே, அது போல. தனியாக 'சாரி' என்று ஒற்றைச் சொல்லாக வீசிவிட்டுப் போகிற பழக்கம் 19ஆம் நூற்றாண்டுச் சங்கதி. டாக்டர் சொன்னது மூத்த பொருள். காலை மிதித்தவன் சொல்வதுதான் பின்னால் வந்தது.

நேர்கோடு:
ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். வேர் வேறு, பொருள் வேறு. 'நாற்றம்' என்றால் பழந்தமிழில் நறுமணம். அந்த வேரை நம்பி இன்றைக்கு ஒருவரிடம் "உங்கள் நாற்றம் பிரமாதம்" என்று சொல்லிப் பாருங்கள்.

கொசுறு:
சொல்லிவிட்டு உடனே சாரி சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம், தமிழிலேயே ஒரு 'சாரி' உண்டு, மறந்துவிடாதீர்கள். எறும்புகள் சாரி சாரியாகப் போகும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சும்மா சொன்னேன்.

பழைய பேனா:
நேர்கோடு தம்பி, நாற்றத்தில் பழைய பொருள் செத்துவிட்டது. 'சாரி'யில் சாகவில்லை, அதுதான் வித்தியாசம். 'ஐ ஃபீல் சாரி ஃபார் ஹிம்' என்றால் அவனிடம் மன்னிப்பு கேட்கிறேன் என்றா அர்த்தம்? அவனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. 'இன் எ சாரி ஸ்டேட்' என்றால் பரிதாபமான நிலை. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மக்பெத், தன் அரசனைக் கொன்றுவிட்டு வந்து, ரத்தக் கையைப் பார்த்துச் சொல்வது 'எ சாரி சைட்', பரிதாபமான காட்சி. கை யாரிடமும் மன்னிப்பு கேட்கவில்லை!

நேர்கோடு:
மக்பெத்தையெல்லாம் இறக்கினால் நான் என்ன செய்ய. சரி, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது பொருள் வேறு, அதை ஏற்கிறேன். ஆனால் 'ஐ ஆம் சாரி' என்று ஒரு மனிதன் இன்னொரு மனிதன் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது?

நீலக்குடை:
எனக்குச் சோறு போடுவதே இந்தச் சொல்தான், அதனால் சொல்கிறேன். வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறேன். நாளைக்கு நூறு தடவையாவது சொல்வேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்களுக்கு ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்தார்கள். அதில் கோடு போட்டுக் காட்டியிருந்தது: தவறு யார் பக்கம் என்று தெரிகிற வரை 'ஐ ஆம் சாரி டு ஹியர் தட்' மட்டும். நம் பக்கம்தான் என்று உறுதியான பிறகே 'வீ அபாலஜைஸ்' (மன்னிப்பு கேட்கிறோம்). ஒரு தடவை நான் அவசரத்தில் இரண்டாவதை முதலில் சொல்லிவிட்டேன். எதிர்முனையில் இருந்தவர் உடனே, "அப்படியானால் தப்பு உங்களுடையதுதான் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்" என்றார். மீதி இருபது நிமிடமும் அதிலேயே போயிற்று.

அதிலிருந்து நான் 'சாரி'யைக் கேட்பதே இல்லை, அதன் வாலைத்தான் கேட்கிறேன். 'சாரி டு ஹியர்' என்றால் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான். 'சாரி தட் வீ மிஸ்டு' என்றால் குற்றத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டாயிற்று. 'சாரி இஃப்' என்றால் பாதி மன்னிப்பு, பாதி சந்தேகம். 'சாரி யூ ஃபீல் தட் வே' இருக்கிறதே, அது மன்னிப்பு வேஷம் போட்ட திட்டு. உனக்கு அப்படித் தோன்றினால் அது உன் பாடு என்று அர்த்தம். ஸ்கிரிப்டில் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் சிவப்பு மையில் தடை.

நேர்கோடு:
அக்கா, என் வயிற்றெரிச்சலே இதுதான். சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது மொழியின் அழகு என்று ஐயா சொல்வார். எனக்கு அது பின்வாசல் மாதிரி. மன்னிப்பு கேட்ட பெயரும் கிடைக்க வேண்டும், தப்பை ஒத்துக்கொள்ளவும் கூடாது என்றால் 'சாரி'யை விட வசதியான சொல் எது?

பழைய பேனா:
அந்தப் பின்வாசல் வழியாகவே ஒரு விமானத்தின் ஆட்களை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள், தெரியுமா? 2001 ஏப்ரல் 1. தென்சீனக் கடலுக்கு மேலே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி இறந்துபோனார். அமெரிக்க விமானம் அனுமதி கேட்டுப் பதில் வராமலே ஹைனான் தீவில் இறங்கியது. அதில் இருந்த 24 பேரைச் சீனா பிடித்து வைத்துக்கொண்டது. மன்னிப்பு கேள் என்றது சீனா. கேட்க மாட்டோம் என்றது அமெரிக்கா. பதினோரு நாள் இழுபறி.

முடிவில் அமெரிக்கத் தூதர் ஒரு கடிதம் கொடுத்தார். அதில் 'வெரி சாரி' இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, விமானியின் இறப்புக்காக. இன்னொன்று, வாய்மொழி அனுமதி இல்லாமல் தரையிறங்கியதற்காக. மோதியதற்காக ஓர் இடத்திலும் இல்லை. சீனா தன் மக்களிடம் மன்னிப்பு கேட்டுவிட்டார்கள் என்றது. அமெரிக்கா தன் மக்களிடம் அனுதாபம்தான் தெரிவித்தோம் என்றது. 24 பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். தெளிவான சொல்லாக இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்கும்?

நேர்கோடு:
நல்ல கதை. ஆனால் எனக்கும் ஒரு கதை தெரியும், அது உங்கள் வாதத்துக்கு நேர் எதிர்.

ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து அரசே பிரித்துக்கொண்டு போனது. 1997இல் அது பற்றி விசாரணை அறிக்கை வந்தது. மக்கள் கேட்டது ஒரே ஒரு சொல். 1999இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதில் ஆழ்ந்த, உளப்பூர்வமான 'ரிக்ரெட்' (வருத்தம்) இருந்தது, 'சாரி' இல்லை. அடுத்த வருடம் மே மாதம் சிட்னி துறைமுகப் பாலத்தில் லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள். ஒரு விமானம் மேலே புகையால் எழுதியது என்ன தெரியுமா? 'சாரி'. 2008 பிப்ரவரி 13 அன்று கெவின் ரட் பிரதமராக அந்தச் சொல்லைச் சொன்னபோது அவையில் அழுதார்கள்.

'சாரி' வெறும் வருத்தம்தான் என்றால், வருத்தத்தைக் கொடுத்த ஹோவர்ட் பதவியில் இருந்த வரை ஏன் சாரியைக் கொடுக்கவில்லை? அதில் மன்னிப்பு இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், ஜனங்களுக்கும் தெரியும்.

பழைய பேனா:
ஒப்புக்கொள்கிறேன். இதற்கு உடனே பதில் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அதே பழங்குடி மக்கள் பேசும் ஆங்கிலத்தில் 'சாரி பிசினஸ்' என்றால் இழவுக் காரியம். இறந்தவருக்காகக் கூடுவது, துக்கம் காப்பது எல்லாம் சேர்ந்து அந்தப் பெயர். அவர்கள் கேட்டதில் மன்னிப்பு மட்டும்தான் இருந்ததா, எங்கள் இழவில் வந்து உட்கார் என்பதும் இருந்ததா?

நேர்கோடு:
இது புதிது எனக்கு. யோசிக்கிறேன்.

கொசுறு:
சட்டக்காரர்கள் யோசித்து முடித்துவிட்டார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 2009இல் மன்னிப்புக்கென்றே ஒரு சட்டம். அனுதாபம் சொன்னாலும் சரி, 'சாரி' என்று சொன்னாலும் சரி, குற்றத்தை ஒத்துக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும், எல்லாம் 'அபாலஜி' கணக்கில்தான் சேரும். ஆனால் சிவில் வழக்கில் அதைப் பொறுப்பேற்றதற்குச் சாட்சியாகக் காட்ட முடியாது. மோதிவிட்டு இறங்கி ஒரு வார்த்தை சொல்ல ஆட்கள் பயந்திருக்கிறார்கள், பாருங்கள்.

சொல்லப்போனால் 'அபாலஜி'யே யோக்கியமில்லை. கிரேக்கத்தில் அது தற்காப்புப் பேச்சு. சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசியதற்கு அதுதான் பெயர். மனிதர் கடைசி வரை மன்னிப்பே கேட்கவில்லை.

பழைய பேனா:
கொசுறு சொன்னதற்குப் பக்கத்தில் இதையும் வையுங்கள். ஆக்ஸ்போர்டில் ஆஸ்டின் என்று ஒரு தத்துவ அறிஞர் இருந்தார். 'ஐ அபாலஜைஸ்' என்று சொன்னாலே காரியம் நடந்துவிட்டது, சொல்வதுதான் செய்கை என்பார். 'ஐ ஆம் சாரி' அப்படியல்ல, பாதி செய்கை, பாதி மனநிலை பற்றிய தகவல். அதனால்தான் 'சாரி' சொன்னவனைப் பார்த்து "நிஜமாகவா?" என்று கேட்கலாம். 'அபாலஜைஸ்' சொன்னவனிடம் அந்தக் கேள்வி சரியாக ஒட்டாது.

ஈரத்திண்ணை:
எழுதலாமா வேண்டாமா என்று வெகு நேரம் யோசித்தேன். அந்தக் காட்சியில் நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். என் டாக்டரும் அதையேதான் சொன்னார், ஆங்கிலத்தில். கையில் கையுறையின் பவுடர் ஒட்டியிருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் "மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லியிருந்தால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். மன்னிக்க வேண்டும், அல்லது மாட்டேன் என்று சொல்ல வேண்டும். தமிழில் அது கேட்கிறவர் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிடும் சொல். 'சாரி' என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு அவர் வலியைச் சொன்னார், நான் பாட்டுக்கு உட்கார்ந்தேன். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நீலக்குடை:
ஆமாம். என் வேலையில் கூட, கோபமாக இருப்பவரிடம் "மன்னிக்கவும்" என்றால் "ஏன் மன்னிக்கணும்?" என்று வருகிறது. 'சாரி'க்கு அந்தப் பதில் வராது. இத்தனை நாள் ஏன் என்று யோசித்ததில்லை.

நேர்கோடு:
ஈரத்திண்ணை, உங்களுக்கு நடந்ததற்கு... பாருங்கள், எனக்கே இப்போது ஒரு சொல் கிடைக்கவில்லை.

சரி. இந்தக் காட்சிக்கு 'மன்னித்துவிடுங்கள்' வேண்டாம், என் ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'வருந்துகிறேன்' என்பதையும் விடமாட்டேன். அறுவை சிகிச்சை முடித்துவிட்டு வருகிற மனிதர் வாயில் அது உட்காராது. "காப்பாற்ற முடியவில்லை" என்று போட்டால் என்ன?

துணைவரி:
அதையும் எழுதிப் பார்த்தேன். சிக்கல் என்னவென்றால், ஆங்கிலத்தில் டாக்டர் விஷயத்தைச் சொல்லவே இல்லை. அந்தப் பெண்தான் அந்த மூன்று சொல்லிலிருந்து சாவைப் புரிந்துகொள்கிறாள். "காப்பாற்ற முடியவில்லை" என்று போட்டால் அவளுக்கு முன்னால் பார்வையாளருக்கு நான் சொல்லிவிட்டேன் என்று ஆகும். வரி திரையில் நிற்பதே ஒன்றரை நொடி.

பழைய பேனா:
தமிழில் அந்த இடத்தில் டாக்டர்கள் வாக்கியத்தை முடிக்க மாட்டார்கள். முதல் பாதியைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள்.

துணைவரி:
"எங்களால் முடிந்த வரைக்கும்..." என்று போட்டு அனுப்பிவிட்டேன். மூன்று புள்ளியோடு. கியூ.சி.யிடமிருந்து பதில் வந்தது: ஏற்கிறேன், ஆனால் 'சாரி' எங்கே போயிற்று என்று. புள்ளியில் இருக்கிறது என்று எழுதினேன்.

அடுத்த பஞ்சாயத்து இதோ. அதே எபிசோட், 31ஆம் நிமிடம். காது கொஞ்சம் மந்தமான தாத்தா "சாரி?" என்று கேட்கிறார். அதற்கு கியூ.சி. "மன்னிக்கவும்?" என்று கேள்விக்குறியோடு மாற்றி வைத்திருக்கிறார்.

நேர்கோடு:
"என்னது?" போடுங்கள். அதில் நான் சண்டைக்கு வரவில்லை.