புதுப்பிப்பு: ஆற்றோரக் களிமண்ணில் தேங்கிய நீர் வடிந்தது

மழை விட்டுப் பத்து நாளாகியும் தண்ணீர் வடியவில்லை, ஜிப்சம் (களியை இளக்கப் போடும் கால்சியம் உப்பு) போடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மண்கட்டியை மழைநீரில் போட்டுப் பார்க்கச் சொன்னது நல்ல யோசனை. ஒரு நாள் கழித்தும் நீர் கலங்கவில்லை; சோடியம் மிகுந்த களியாக இருந்தால் கரைந்து கலங்கியிருக்கும். ஜிப்சம் உதவுவது அந்த மாதிரிக் களிக்குத்தான். சோடியம் பிரச்சினை இல்லை என்று தெரிந்ததும் ஜிப்சத்தை விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு மீட்டர் குழி வெட்டினேன். அடிவரை ஒரே களி. 40 செ.மீ.க்குக் கீழே சாம்பல் நிறம், நீர் தேங்கிக் காற்றுப் படாததன் அடையாளம். பழைய வேர்த் தடங்களை ஒட்டி மட்டும் துருச் சிவப்புக் கோடுகள், காற்று உள்ளே போன வழி அதுதான். எதிர்பாராதது: வெளியே எடுத்துப்போட்ட நீலச்சாம்பல் கட்டி, காற்றுப் பட்டு மேலெல்லாம் பழுப்பாகிவிட்டது.

பலன் தந்தது மேட்டுப்பாத்தியும் பக்கத்து வடிகாலும்தான். இப்போது இரண்டே நாளில் வடிகிறது. ஈரத்தில் மட்டும் உழாதீர்கள், மண் பிசைந்து இறுகிவிடும்.