5¼ அங்குல டிரைவ் இரவல் வேண்டும் – காரைக்குடி சுற்றுவட்டாரம்

வணக்கம். பிபிசி மைக்ரோ (1980களின் பிரிட்டிஷ் கணினி) மென்பொருளுக்குக் காப்பக இணையதளம் ஒன்று கட்டுகிறேன்; பழைய ஃபிளாப்பித் தட்டுகளிலிருந்து அதை எடுக்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் யாரிடமாவது ஓடுகிற 1.2 எம்பி ஃபிளாப்பி டிரைவ் இருக்கிறதா? 34 முனை கேபிளும் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

டிரைவைக் கணினியோடு இணைத்துத் தட்டின் காந்தப் பதிவை அப்படியே எடுக்கும் கிரீஸ்வீசில் போர்டு கையில் உண்டு. இந்தத் தட்டுகள் எஃப்எம் என்ற பழைய பதிவு முறையில் பதிந்தவை; பல பிசி கன்ட்ரோலர்கள் படிக்காது, அதனால் ஃப்ளக்ஸாகவே (மூலக் காந்தப் பதிவாகவே) எடுக்க வேண்டும். 40 டிராக் (வட்டத் தடம்), ஒருபக்கத் தட்டு என்றால் எடுத்த நகல் சரியாக 1,02,400 பைட் இருக்க வேண்டும். குறைந்தால் செக்டர் (தடத்தின் ஒரு துண்டு) போயிற்று என்று அர்த்தம். பூஞ்சைத் தட்டைத் துடைக்காமல் போட்டால் ஹெட் அழுக்காகி அடுத்த தட்டையும் கீறிவிடும். உங்கள் டிரைவுக்கு அந்தக் கதி வராது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோடுதான் வருவேன். தட்டின் உறை ஓரத்து வெட்டையும் டேப் போட்டு மூடிவிடுவேன், தவறி எழுதிவிடாமல்.

இன்னொன்று: தளம் பழைய பிரவுசர்களிலும் திறக்க வேண்டும்; அவற்றுக்கு இன்றைய எச்டிடிபிஎஸ் (மறையாக்கிய இணைப்பு) ஓடாது. அதைக் கட்டாயப்படுத்தாத, மலிவான ஹோஸ்டிங் எது?